கமிட்டியில் கூலிக்காரப் பெண்ணுக்கு இடம் எங்கே?

மோகனூர் வட்டாரத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்ணிடம் மேஸ்திரி முறைகேடாக நடந்தால் அவள் யாரிடம் போய்ச் சொல்வது?

பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடங்களிலிருந்து வரும் புகாரையும், முதலாளி மீதே வரும் புகாரையும் விசாரிக்க ஜில்லாவுக்கு ஒரு கமிட்டி வேண்டும் என்கிறது 2013-ம் வருஷத்துச் சட்டம். இது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. ராஜஸ்தானில் குழந்தை மணத்தைத் தடுக்கப் போன கிராம ஊழியர் பன்வாரி தேவி 1992-ல் கொடுமைக்கு ஆளானார். அதன்பின் மாதர் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 1997-ல் சுப்ரீம் கோர்ட் விதிகள் வகுத்தது. அது சட்டமாக மேலும் 16 வருஷம்!

சரி, கமிட்டி நாமக்கல்லுக்கு. நம் பெண் இருப்பதோ கரும்புக் காட்டில். ஒருநாள் கூலியை விட்டு பஸ் ஏறுவாளா? அதற்காகத்தான் ஒன்றியத்துக்கு ஓர் அதிகாரி புகாரை வாங்கி 7 நாளில் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எழுத முடியாதவளுக்கு எழுத உதவுவதும் கமிட்டியின் கடமை. அந்த அதிகாரியின் பெயரை ஒன்றிய ஆபீஸ் வாசலிலும் ஆலை கேட்டிலும் எழுதிப் போடும்படி கேட்கிறோம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். ஆளைத் தேடுவதிலேயே கெடு போய்விடும்.

வட்டாரத்தில் வேலை செய்யும் பெண் ஒருவர் கமிட்டியில் உறுப்பினராக வேண்டும் என்பதும் சட்டமே. அந்த நாற்காலி உத்தியோகஸ்தருக்கு மட்டும் என்று எங்கும் எழுதவில்லை. கமிட்டி செய்வது சிபாரிசுதான். அதை 60 நாளில் அமல் செய்ய வேண்டும். சிபாரிசு எழுதும் இடத்தில், காட்டு வேலையும் மேஸ்திரியின் அதட்டலும் அறிந்த ஒருத்தி உட்காரட்டும்.