வானிலேறிய கண்

விடுமுறை நாட்களில் அட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியிலே பிரயாணஞ் செய்வோர் அண்மைக் காலமாக ஒரு புதிய காட்சியைக் கண்டு வருகின்றனர். டெவன் நீர்வீழ்ச்சிக்கு எதிரேயும், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிக்கு எதிரேயும், வாகனங்கள் தரித்து நிற்குமிடங்களில் இளைஞர் இருவர் மூவர் கூடி நிற்பர். கையிலுள்ள சிறு பெட்டியையும் ஆகாயத்தையும் அவர்கள் மாறி மாறி நோக்குவர். தலைக்கு மேலே வண்டின் ரீங்காரம் போன்ற ஓர் ஓசை கேட்கும். அண்ணாந்து பார்த்தால், நான்கு சுழலிகளைக் கொண்ட ஒரு சின்னஞ்சிறு யந்திரம் பள்ளத்தாக்கின் நடுவே அந்தரத்தில் நிற்கும். ட்ரோன் கமரா என்று நம்மவர் அதனை அழைக்கின்றனர்.

“இதிலே அப்படி என்ன இன்பம் இருக்கிறது?” என்று முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் பலர். கைப்பொருளைச் செலவழித்து வாங்கிய ஒரு விளையாட்டுப் பொருளை மேலே அனுப்புவதும், அரைமணி நேரம் செல்லுமுன் கீழே இறக்குவதும் ஒரு பொழுதுபோக்கா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆதலின், அதனைத் தட்டிக் கழியாது சற்றே ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன்.

ஆகாயத்திலே எதையேனும் பறக்கவிட்டு மகிழ்வது நமக்குப் புதிதன்று. வடக்கே வல்வெட்டித்துறையிலே தைப்பொங்கலன்று கடற்கரையெங்கும் பட்டங்கள் எழுவதைக் காண நாடெங்கிலுமிருந்து மக்கள் திரளுகின்றனர். பட்டம் விடுபவன் காற்றோடு மல்லுக்கு நிற்கிறான். நூல் வழியே காற்றின் மனநிலை அவன் விரலுக்கு வந்து சேர்கிறது. எட்டாத உயரத்திலுள்ள ஒன்று தன் கைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்னும் எண்ணமே அவனுக்கு ஆனந்தம். ட்ரோன் பறக்கவிடுபவனுக்கும் இவ்வானந்தம் உண்டு. நூல் மட்டும் கண்ணுக்குத் தெரியாத வானொலி அலையாகிவிட்டது.

அடுத்தது, கைத்திறனால் வரும் இன்பம். யந்திரம் தானாகவே பறக்கிறது, மனிதனுக்கு அதிலே என்ன வேலை என்று எண்ணுவோர் ஒருமுறை பக்கத்திலே நின்று பார்க்கவேண்டும். நான்கு சுழலிகளில் இரண்டு வலப்புறமாகவும் இரண்டு இடப்புறமாகவும் சுழல்கின்றன. பின்னிரண்டும் வேகங் கூட்டினால் யந்திரம் முன்னோக்கிச் சாய்ந்து செல்லும். ஒரே திசையிற் சுழலும் இணை வேகங் கூட்டினால் அது நின்ற நிலையிலேயே திரும்பும். 1924ஆம் ஆண்டிலே பிரான்ஸ் தேசத்தவரான எத்தியன் ஓமிஷன் என்பவர் நான்கு பெருஞ் சுழலிகளைக் கொண்ட தமது ஹெலிகொப்டரில் ஒரு கிலோமீற்றர் சுற்றுப்பாதையைப் பறந்து முடித்தார். அன்று ஒரு மனிதர் உள்ளே அமர்ந்து பெரும் பிரயாசையோடு செய்த சமநிலைப் பணியை, இன்று விரல் நகமளவான உணர்கருவிகள் கணந்தோறும் செய்துவிடுகின்றன. 2013ஆம் ஆண்டளவில், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பறக்கவிடத்தக்க ட்ரோன்கள் கடைகளுக்கு வந்தன. அன்றுமுதல் இது நிபுணர்களின் வித்தையாயிராமல் பலரின் பொழுதுபோக்காயிற்று.

ஆயினும் மலைநாடு இவ்வித்தையை எளிதிற் கைவர விடுவதில்லை. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. கடற்கரைக் காற்றின் அடர்த்தியிலே ஏறக்குறைய ஆறிலொரு பங்கு இங்கே குறைவு. ஆகவே அதே பாரத்தைத் தூக்கச் சுழலிகள் இன்னும் விரைவாகச் சுழல வேண்டியிருக்கிறது. குளிரிலே பற்றரி தன் பலத்தை இழக்கிறது. மலையிடுக்கிலிருந்து எழுங்காற்று சொல்லாமல் வருகிறது. மூடுபனியோ, கண் சிமிட்டுவதற்குள் மலையையே விழுங்கிவிடும். யந்திரம் நம்மை நோக்கித் திரும்பிவிட்டால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிப்போகும். இவற்றையெல்லாம் அறிந்து, பற்றரி தீருமுன்னே, புறப்பட்ட இடத்திலேயே யந்திரத்தை இறக்குபவனின் முகத்தைப் பாருங்கள். நல்ல தச்சன் முகத்திலும், நன்றாய்த் தோல் வார்த்த தப்புக் கலைஞன் முகத்திலும் காணும் அதே திருப்தியை அங்கே காணலாம்.

ஆனால் இவ்விரண்டையும்விடப் பெரியதோர் இன்பம் உண்டு. அது பார்வையின் இன்பம். 1858ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்து நாதார் என்பவர் பலூனிலேறி நிலத்தைப் படம் பிடித்தார். 1888இல் ஆர்தர் பத்து என்பவர் பட்டத்திலே கமராவைக் கட்டி அனுப்பினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜெர்மனியில் ஜூலியஸ் நொய்ப்ரோன்னர் என்பவர் புறாவின் மார்பிலே சிறு கமராவைப் பூட்டிப் பறக்கவிட்டார். பலூனும் பட்டமும் புறாவும் வேறு வேறாயினும், நாம் வாழும் இடம் மேலேயிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்னும் தீராத ஆவல் ஒன்றே. இந்த ஆவலுக்கு மலையகத்திலே மற்றெங்குமில்லாத ஒரு பொருள் உண்டு என்பதே நான் சொல்ல வந்த விஷயம்.

தேயிலைத் தோட்டத்தின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். 1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலையைப் பயிரிட்ட நாள் தொட்டு, தோட்டத்திலே உயரம் என்பது வெறும் பூகோள விவரமாயிருந்ததில்லை. அது அதிகாரத்தின் அளவுகோலாகவே இருந்தது. பொதுவாகத் துரை பங்களா முழு மலையையும் பார்க்கும் மேட்டிலே நின்றது. லயங்கள் பள்ளத்திலும் சரிவிலும் ஓடையோரத்திலும் அமைந்தன. கங்காணி மேல் வரிசையிலே நின்று கீழே நிரை பிடிப்போரைப் பார்த்தார். பார்ப்பவர் மேலே, பார்க்கப்படுபவர் கீழே. கூடையைத் தலையிலே மாட்டிக்கொண்டு குனிந்து நிற்பவளுக்குத் தெரிந்ததெல்லாம் கையெட்டும் தூரத்துக் கொழுந்தும், முன்னே செல்லும் நிரையுந்தான். காட்டை வெட்டியவர்கள், கல்லை அடுக்கிக் கானைக் கட்டியவர்கள், மலையின் வளைவுக்கேற்பச் செடியை நட்டவர்கள் எல்லாரும் நம் முன்னோர்கள். ஆனால், தாங்கள் வரைந்த அந்தப் பெரிய சித்திரத்தை முழுதாகக் காணும் பாக்கியம் அவர்களுக்குக் கிட்டவில்லை. தோட்டத்தின் வரைபடம் கந்தோர்ச் சுவரிலே தொங்கிற்று. அதிலே ஏக்கரும் எல்லையும் இருந்தன, மனிதர் இல்லை.

மஸ்கெலியாப் பகுதியிலுள்ள ஒரு தோட்டத்திலே நான் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியை இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். கொழும்பிலே தொழில் பார்க்கும் இளைஞரொருவர் திருவிழாவுக்கு ஊர் வந்தபோது தம் ட்ரோனைப் பறக்கவிட்டார். வேலையிலிருந்து விலகிய அவருடைய பாட்டியார் அருகே நின்றார். “அப்பாயி, இங்க பாருங்க, நம்ம மலை” என்று திரையைக் காட்டினார் பேரன். மூதாட்டியார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, ஒரு சரிவின்மேல் விரலை வைத்து, “இது ஏழாம் நம்பர் மலைதானே? இங்கதான் நான் பேரு பதிஞ்சேன். நாப்பது வருசமா நிரை புடிச்சிருக்கேன். அது இப்பிடி வளைஞ்சு வளைஞ்சு போகுதுன்னு இன்னைக்குத்தான்பா தெரியுது” என்றார். அடுத்த கணமே அவர் விரல் லயத்தின் கூரைக்குத் தாவிற்று. “தகரத்து மேல எத்தனை கல்லு வச்சிருக்குன்னு எண்ணு பாப்போம்” என்றார். எண்ணினார்கள். இருபதுக்கு மேல் இருந்தன. காற்றிலே தகரம் பறந்து போகாதிருக்க ஏற்றி வைத்த கற்கள் அவை.

அழகைக் கண்ட அதே கண்ணுக்கு அவலமும் தப்பவில்லை. மேலேயிருந்து பார்ப்பதன் மெய்யான பயன் இதுவே என்று எனக்குத் தோன்றிற்று. உல்லாசப் பிரயாணி எடுக்கும் படத்திலே பச்சைக் கம்பளம் மட்டுமே இருக்கிறது. லயத்தின் கூரை அதிலே ஒரு வண்ணப் புள்ளி. அம்மூதாட்டியாரோ அப்புள்ளியிலே கல்லை எண்ணினார். யந்திரம் ஒன்றே, பார்வை வேறு.

இனி, பெரியவர்களின் ஆட்சேபத்துக்கு வருவோம். நாட்சம்பளத்திலே சீவிக்கும் சமூகத்துக்கு இத்தகைய ஆடம்பரம் தகுமா? ட்ரோன் ஒன்றின் விலை ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளமாகும் என்பதை மறுப்பதற்கில்லை. கலியாண வீட்டுப் புகைப்படக்காரரிடமும், வெளியூரிலே உழைக்கும் இளைஞரிடமும், உல்லாசப் பிரயாணிகளிடமுமே அது பெரும்பாலும் காணப்படுகிறது. ஆயினும் ஒன்று சொல்வேன். பொழுதைப் போக்குவதற்கு முதலிலே பொழுது நமக்குச் சொந்தமாயிருக்க வேண்டும். பிரட்டுக்களத்துக் காலைப்பொழுதும், தராசிலே நிறுக்கப்பட்ட மாலைப்பொழுதும், நிறை குறைந்தால் அரைப்பேர் என்னும் அச்சமுமாகத் தலைமுறைகள் கழிந்த மண்ணிலே, யாதொரு இலாபமும் கருதாமல் ஒருவன் தன் மகிழ்ச்சிக்காக ஒரு வித்தையைப் பயில்கிறான் என்றால், அது வீணன்று. நம் மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டு நிறைவை 2023இலே நினைவுகூர்ந்தோம். இருநூறாண்டு உழைத்தவர்களின் பிள்ளைக்கு அரைமணி நேர விளையாட்டு அதிகமா?

அதே வேளையில், இக்கண்ணுக்கு ஒழுக்கம் வேண்டும். மேலேயிருந்து பார்க்கும் உரிமையை வென்றெடுத்தவன், தானே புதிய துரையாகிவிடலாகாது. பத்தடி காம்பராவிலே வாழ்பவர்களுக்குச் சுவர்களால் கிடைக்கும் மறைவு மிகக் குறைவு. பீலிக்கரையிலே குளிக்கும் பெண்களும், மலையிலே குனிந்து நிற்கும் பெண்களும் எவனுடைய திரைக்கும் காட்சிப் பொருளல்லர். அனுமதி கேளாமல் ஒருவர் வாசலுக்கு மேலே கமராவை நிறுத்துவது, கேளாமல் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பதற்குச் சமம். மற்றொன்று: குளவிக் கொட்டினால் தோட்டத் தொழிலாளர் துன்புறுவதும் உயிரிழப்பதும் நாம் அடிக்கடி கேட்கும் செய்தி. கூடுகள் தொங்கும் மரங்களருகே இரையும் யந்திரத்தை ஓட்டுவது விளையாட்டன்று, விபரீதம்.

சட்டமும் உண்டு. இந்நாட்டிலே ட்ரோன் பறக்கவிடுவோர் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு அமைந்தே நடத்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களை அடுத்து நாடு முழுவதும் ட்ரோன்கள் சில காலம் தடை செய்யப்பட்டிருந்தமையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒருவனுக்கு விளையாட்டாயிருப்பது மற்றொருவனுக்கு அச்சமாகலாம் என்பதை அந்நாட்கள் உணர்த்தின. உலகின் பல பாகங்களிலே இதே யந்திரம் போர்க்களத்திலே குண்டு சுமக்கிறது. ஆகவே, விதிகளைத் தொல்லையென்று எண்ணாமல், அயலாருக்கு நாம் அளிக்கும் உறுதிமொழியென்று கொள்வதே பண்பாகும்.

இறுதியாக ஒரு யோசனை. தனித்தனியே வாங்க இயலாத ஒன்றைப் பொதுவாக வைத்துக்கொள்வது நமக்குப் பழக்கமான வழியே. கோயிலுக்கு மேளமும், மரண வீட்டுக்குப் பந்தலும், நூல்நிலையத்துக்குப் பத்திரிகையும் அவ்விதமே வந்தன. பாடசாலையோ இளைஞர் மன்றமோ பொதுவில் ஒரு ட்ரோனை வைத்து, முறைப்படி பயின்று, அனுமதி பெற்று, நம் ஊர்களைப் படம் பிடித்து வைக்கட்டும். பிடிக்க எவ்வளவோ இருக்கின்றன. மவுசாகலை நீர்த்தேக்கத்திலே நீர் வற்றும் காலத்தில் பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் தலைகாட்டுகிறது. இன்றிருந்து நாளை இடிக்கப்படவிருக்கும் லயங்கள் எத்தனையோ. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியது. அப்படி ஆபத்தான சரிவுகளின் கீழே இன்றும் மக்கள் உறங்குகின்றனர். மேற்சரிவிலே வெடிப்பு விழுந்திருக்கிறதா, கானிலே நீர் தேங்கி நிற்கிறதா என்று ஊரவரே பார்த்து, படத்தோடு அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லலாம். தனி விலாசங்கூட இல்லாமல் பல காலம் தோட்டத்துக் கந்தோர் வழியாகவே கடிதம் பெற்ற குடும்பங்கள், தங்கள் வீடு நிற்கும் இடத்தைத் தாங்களே வரைபடத்திலே குறிக்கலாம்.

இவையெல்லாம் கடமைகள், பொழுதுபோக்கல்லவே என்று யாரும் சொல்லலாம். மகிழ்ச்சியோடு கற்ற வித்தையே பின்னர் கடமைக்கும் கைகொடுக்கிறது என்பது என் எண்ணம். ஆதலின், பிள்ளைகள் ஆகாயத்தைப் பார்த்து நிற்பதைக் கண்டு கடிந்துகொள்ளாதீர்கள். அருகே சென்று, அத்திரையை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். அதிலே தெரிவது நம் ஊர்.