இரண்டு முறை கொல்லப்பட்ட சென்டினல் ப்ரைம்

2011-ல் வெளியான ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: டார்க் ஆஃப் தி மூன்’ படத்தின் கடைசி நிமிடங்களை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சிகாகோ இடிந்து கிடக்கிறது. ஆப்டிமஸ் ப்ரைமின் ஆசானும் ஆட்டோபாட்களின் முன்னாள் தலைவனுமான சென்டினல் ப்ரைம் படுகாயத்தோடு தரையில் கிடந்து, தான் ஏன் இப்படிச் செய்ய நேர்ந்தது என்று கெஞ்சுகிறான். ஆப்டிமஸ் அவனைச் சுட்டுக் கொல்கிறான். அதற்குச் சற்று முன்னால்தான், சண்டையை நிறுத்திக்கொள்ளலாம் என்று சொன்ன மெகாட்ரானின் தலையைப் பிய்த்து எறிந்திருக்கிறான். படத்தைப் பொறுத்தவரை இது வெற்றி. விசிலடிக்க வேண்டிய இடம்.

2024-ல் ஜோஷ் கூலி இயக்கிய ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்’ அனிமேஷன் படம் வந்தது. இது தனிக் கதைத் தொடர்ச்சி. இதிலும் ஒரு சென்டினல் ப்ரைம். உண்மையான ப்ரைம்களை எதிரிகளான குவின்டெஸன்களிடம் காட்டிக்கொடுத்துவிட்டு ஆட்சிக்கு வந்தவன். தொழிலாளர்களின் உடலிலிருந்து உருமாறும் உறுப்பையே திருடி, அவர்களைச் சுரங்கத்துக்குள் தள்ளியவன். அவர்கள் வெட்டியெடுக்கும் எனர்ஜானை ரகசியமாக எதிரிக்குக் கப்பம் கட்டுகிறவன். டி-16 என்ற சுரங்கத் தொழிலாளி அவனை ஊர் பார்க்க இரண்டாகக் கிழிக்கிறான். அந்த நொடியில் டி-16 மெகாட்ரான் ஆகிறான், அதாவது வில்லன் ஆகிறான்.

செத்தவன் பெயர் ஒன்று. தன் இனத்தைக் காட்டிக்கொடுத்து எதிரியோடு ஒப்பந்தம் போட்ட குற்றமும் ஏறக்குறைய ஒன்று. விசாரணை இல்லாத மரணம் என்ற தண்டனையும் ஒன்று. ஒன்றுக்குக் கைதட்டச் சொல்கிறார்கள், இன்னொன்றுக்கு நடுங்கச் சொல்கிறார்கள். என் தொழில் மொழியில் சொன்னால், இது செயலை உள்ளீடாக வாங்காமல், மார்பில் குத்தியிருக்கும் முத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு தீர்ப்பு சொல்லும் ஃபங்ஷன். முதல் டெஸ்ட்டிலேயே விழுந்துவிடும்.

ஆனால் இணையத்தில் என்ன சொல்கிறார்கள்? டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ‘வளர்ந்துவிட்டது’, கறுப்பு வெள்ளையை விட்டுச் ‘சாம்பலுக்கு’ வந்துவிட்டது, மெகாட்ரானுக்கும் ஒரு நியாயம் கொடுத்துவிட்டார்கள் என்று. எனக்கு இதில் பெரிய சந்தேகம் இருக்கிறது. வில்லனுக்கு ஒரு சோகமான இளமைப் பருவத்தைக் கொடுப்பது அறச்சிக்கல் ஆகிவிடாது. பெரும்பாலான நேரம் அது அறச்சிக்கலிலிருந்து தப்பிக்கும் வழி.

*

இந்த நல்லவன் கெட்டவன் பிரிவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். டகாரா என்ற ஜப்பானிய பொம்மை நிறுவனம் டயாக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்று இரண்டு வரிசைகளை விற்றுக்கொண்டிருந்தது. டயாக்ளோன் ரோபோக்களுக்கு உயிர் கிடையாது. உள்ளே குட்டி மனிதர்கள் உட்கார்ந்து ஓட்டினார்கள். பின்னாளில் ஆப்டிமஸ் ஆன லாரியும் ஸ்டார்ஸ்க்ரீம் ஆன போர் விமானமும் அங்கே ஒரே அணி.

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இந்த பொம்மைகளை வாங்கி 1984-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று வெளியிட்டது. கதை வேண்டுமென்று மார்வெல் காமிக்ஸிடம் போனார்கள். ஜிம் ஷூட்டர் கதைச் சுருக்கம் எழுதினார். ஆப்டிமஸ் ப்ரைம் என்ற பெயரை டென்னி ஓ’நீல் வைத்தார். மற்ற பெரும்பாலான பெயர்களையும் குணங்களையும் எழுதியவர் பாப் புடியான்ஸ்கி. முதல் வருடச் சரக்கைப் பாருங்கள். கார், வேன், லாரி எல்லாம் நல்லவர்கள். துப்பாக்கியும் போர் விமானமும் கெட்டவர்கள். மெகாட்ரான் கெட்டவன் ஆனதற்கு முதல் காரணம் அவன் வால்தர் கைத்துப்பாக்கியாக மடங்கினான் என்பதுதான். கொள்கையெல்லாம் பிறகு வந்தது.

1985-ல் பொம்மைகளில் ஒரு சின்ன ஸ்டிக்கர் சேர்த்தார்கள். விரலால் தேய்த்தால் சூட்டில் முத்திரை தெரியும்: ஆட்டோபாட்டா, டிசெப்டிகானா என்று. ஒரு குழந்தை தன் கையிலிருப்பவன் நல்லவனா கெட்டவனா என்று தெரிந்துகொள்ள, அவன் என்ன செய்தான் என்று கேட்க வேண்டியதில்லை. தேய்த்துப் பார்த்தால் போதும். 2011-ன் சென்டினலைச் சுட்டபோதும் நம்மைத் தேய்த்துப் பார்க்கத்தான் சொன்னார்கள்.

1986-ல் கார்ட்டூன் தொடரின் மூன்றாம் பருவம் இதற்கு ஒரு புராணமே எழுதியது. குவின்டெஸன்கள் சைபர்ட்ரானில் ஒரு தொழிற்சாலை நடத்தினார்களாம். அதில் இரண்டு வகைச் சரக்கு: நுகர்பொருள் ஒன்று, ராணுவத் தளவாடம் இன்னொன்று. முதல் வகையின் வாரிசுகள் ஆட்டோபாட்கள், இரண்டாம் வகையின் வாரிசுகள் டிசெப்டிகான்கள். பொம்மைக் கடை அலமாரியை அப்படியே ஆதிகதையாக்கிவிட்டார்கள். எதற்காகச் செய்யப்பட்டாயோ அதுவே உன் குணம்.

இந்த இடத்தில்தான் காமிக்ஸ் எழுத்தாளர்கள் சிலர் விழித்துக்கொண்டார்கள். 2005 முதல் 2018 வரை ஐடிடபிள்யூ பதிப்பகம் வெளியிட்ட தொடர்ச்சியில், குறிப்பாக ஜேம்ஸ் ராபர்ட்ஸ் எழுதியவற்றில், போருக்கு முந்தைய சைபர்ட்ரானை ஆள்வது ‘ஃபங்ஷனிஸம்’ என்ற சித்தாந்தம். நீ எந்த உருவமாக மாறுகிறாயோ அதுவே உன் வேலை, அதுவே உன் அந்தஸ்து. தோண்டும் உருவம் கொண்டவன் தோண்டத்தான் வேண்டும். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. பிறப்பால் தொழில் என்பதை நமக்கு யாரும் அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டியதில்லை.

முப்பது வருடமாக ‘துப்பாக்கியாக மாறுகிறவன் கெட்டவன்’ என்று பொம்மைப் பெட்டி சொன்ன அதே விதியை, ராபர்ட்ஸ் சைபர்ட்ரானின் ஆளும் வர்க்கத்தின் வாயில் வைத்தார். அந்த விதியை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் எழுதும் சுரங்கத் தொழிலாளிதான் அவருடைய மெகாட்ரான். அவனுடைய எழுத்தைப் படித்து ஆடிப்போகும் போலீஸ் அதிகாரி ஓரியன் பாக்ஸ். பின்னாளின் ஆப்டிமஸ்.

*

இப்போது ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்’ படத்துக்கு வருவோம். சுரங்கம், திருடப்பட்ட உறுப்பு, பொய் சொல்லும் ஆட்சி என்று நல்ல சரக்கெல்லாம் இருக்கிறது. டி-16-ன் கோபம் நியாயமானது என்று ஒரு மணி நேரம் நம்மை நம்பவைக்கிறார்கள். அப்புறம் சிக்கல். கோபம் நியாயம் என்றால் அவன் பின்னால் போக வேண்டியதுதானே? அதற்குத் திரைக்கதையில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சென்டினலைக் கொல்வதால் மட்டும் பார்வையாளர் அவனை வெறுக்க மாட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியும். அதனால் தடுக்கப் பாய்ந்த உயிர்நண்பன் ஓரியன் மேல் குண்டு படுகிறது. தொங்கும் அவன் கையை டி-16 வேண்டுமென்றே விட்டுவிடுகிறான். அப்புறம் நகரத்தையே இடிக்கக் கிளம்புகிறான். இப்போது வெறுக்கலாம், இல்லையா?

இந்த வித்தை ஒன்றும் புதிதல்ல. ‘பிளாக் பாந்தர்’ படத்தில் கில்மாங்கர் கேட்கும் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் அவன் ஒரு மூதாட்டியின் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறான். கேள்வி சரி, ஆனா கேட்டவன் சரியில்லப்பா என்று எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். கேட்டவன் தோற்றதும் கேள்வியும் தோற்றதாகக் கணக்கு.

ஓரியனுக்கு என்ன ஆகிறது? பள்ளத்தில் விழுந்தவன் கோளின் மையத்துக்குப் போய்ச் சேர்கிறான். அங்கே கடவுளான ப்ரைமஸ் அவனுக்கு மேட்ரிக்ஸைக் கொடுக்கிறது. தலைமை வந்துவிட்டது, எனர்ஜான் மறுபடி ஓடத் தொடங்குகிறது. சுரங்கத் தொழிலாளிகள் கூடிப் பேசி எடுத்த முடிவு எதுவும் இதில் இல்லை. பற்றாக்குறையில் தொடங்கிய அரசியல், அருளில் முடிந்துவிட்டது. மெகாட்ரானை நாடு கடத்துகிறார் புதிய தலைவர். யாரிடம் கேட்டு?

கைதியைக் கொல்லக் கூடாது என்று ஓரியன் சொன்னது சரி. நான் அதை மறுக்கவில்லை. புதிய ஆட்சி ஒரு கொலையில் தொடங்கக் கூடாது என்பது அருமையான கொள்கை. ஆனால் அந்தக் கொள்கை 2011-ன் ஆப்டிமஸுக்கும் பொருந்த வேண்டும். அதே படத்தில் ஆட்டோபாட்கள் பூமியை விட்டுப் போய்விட்டதாக எதிரியை நம்பவைக்கிறார்கள். சிகாகோ எரிந்த பிறகுதான் திரும்பி வருகிறார்கள். அதற்கு முன் 2009 படத்தில் அமெரிக்க ராணுவத்தோடு சேர்ந்து ஊர் ஊராக டிசெப்டிகான்களை வேட்டையாடுகிறார்கள். இதற்கெல்லாம் எந்தப் படத்திலாவது ஒரு பாத்திரமாவது ஆப்டிமஸை நிறுத்திக் கணக்குக் கேட்டதா? எதிர்ப்பவன் கை சுத்தமாக இருக்க வேண்டும், ஆள்கிறவன் கை எப்படியிருந்தாலும் சரி என்பதற்குப் பெயர் சாம்பல் கிடையாது. அது பழைய கறுப்பு வெள்ளைதான், கொஞ்சம் தூசி படிந்திருக்கிறது.

*

இதை இப்படியே விட்டால் எதிர்முகாம் என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ‘மெகாட்ரான் சொன்னது சரிதான்’ என்று மீம் போடும் முகாம். அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது.

ஐடிடபிள்யூ மெகாட்ரானின் வரலாறு துண்டுப்பிரசுரத்தோடு நிற்கவில்லை. கைதிகளைக் கொன்றழித்த க்ரைண்ட்கோர் என்ற முகாம் அவனுடைய ஆட்களுடையது. இயக்கத்தை விட்டு விலகியவர்களைப் பட்டியல் போட்டுத் தேடிப்போய்ச் சித்திரவதை செய்து கொல்லும் குழுவும் அவனுடைய பெயரால்தான் இயங்குகிறது. அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் யார்? ஒரு காலத்தில் அவனுடைய எழுத்தைப் படித்து அவனை நம்பி வந்தவர்கள். சாகப்போகிறவனிடம் போய், உன்னைக் கொல்கிறவன் ஒரு காலத்தில் சுரங்கத்தில் ரொம்பக் கஷ்டப்பட்டவன் என்று சொல்லிப்பாருங்கள். எவ்வளவு ஆறுதலாக இருக்கும்!

மூன்றாவதாக ஒரு முகாம் உண்டு. இதுதான் ரொம்பச் சொகுசானது. ‘ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு பாஸ்’ என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்ளும் முகாம். இவர்கள் இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கிறார்கள். ஆனால் இங்கே இருப்பவை தனித்தனிக் கணக்குகள். ஏன் போர் தொடங்கியது, யார் யாரை மிதித்தார்கள் என்பது ஒரு கணக்கு. போரில் யார் யாரை என்ன செய்தார்கள் என்பது இன்னொன்று. முதல் கணக்கில் மெகாட்ரான் பக்கம் நியாயம் இருக்கலாம். அந்த மிச்சத்தை எடுத்து இரண்டாவது கணக்கில் வரவு வைக்க முடியாது. இரண்டாவதில் அவன் கொலைகாரன் என்பதால் முதல் கணக்குக் கிழிந்தும் போகாது. சராசரி எடுக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்தே கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அதில் லாபம், கணக்குக் கேட்கப்படாமல் தப்பிக்கிறவர்களுக்குத்தான்.

இந்தக் கணக்குகளைத் தனித்தனியாகத் திறந்துவைத்த கதை வேண்டுமென்றால், 2010-ல் நிக் ரோச்சும் ஜேம்ஸ் ராபர்ட்ஸும் செய்த ‘லாஸ்ட் ஸ்டாண்ட் ஆஃப் தி ரெக்கர்ஸ்’ படியுங்கள். டிசெப்டிகான்கள் பிடித்துவைத்திருக்கும் ஒரு சிறையை மீட்க ஆட்டோபாட்களின் தற்கொலைப் படை போகிறது. பலர் கோரமாகச் சாகிறார்கள். அவர்கள் அனுப்பப்பட்டதன் உண்மையான காரணம் பிறகுதான் தெரிகிறது. ஆட்டோபாட்கள் தங்கள் ஆட்களின் போர்க்குற்றங்களை ரகசியமாக விசாரித்த பதிவுகள் அந்தச் சிறைக்குள் இருக்கின்றன. அவை வெளியே போய்விடக் கூடாது. இங்கே வில்லனுக்குக் கண்ணீர்க் கதை எதுவும் இல்லை. நல்லவர்களின் அலமாரி திறக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த அளவுக்கு எந்தத் திரைப்படமும் போனதில்லை.

2014-ல் ராபர்ட்ஸ் இன்னும் ஒரு படி போனார். போர் முடிந்த பிறகு மெகாட்ரான் டிசெப்டிகான் இயக்கத்தைக் கைவிட்டு ஆட்டோபாட் முத்திரையைக் குத்திக்கொள்கிறான். ஒரு கப்பலுக்குத் தலைவனாகவும் அனுப்பப்படுகிறான். அந்தக் கப்பல் முழுக்க அவனால் நண்பர்களை இழந்தவர்கள். இப்போது தேய்த்துப் பாருங்கள், முத்திரை சிவப்பு. அவன் நல்லவனா? கதை அதற்கு ஆமாம் சொல்லவில்லை. அவனுடைய வருத்தம் நடிப்பு என்றும் சொல்லவில்லை. செத்தவர்கள் செத்தவர்கள்தான். அவர்களுக்காக மன்னிக்கும் உரிமை உயிரோடிருப்பவர்களுக்கு உண்டா என்று கப்பலில் இருப்பவர்கள் தங்களுக்குள் முட்டிக்கொள்கிறார்கள். முத்திரையும் உதவவில்லை, சராசரியும் உதவவில்லை. அறச்சிக்கல் என்றால் அந்தக் கப்பலில் இருப்பதுதான்.

*

‘பொம்மை விக்கிறதுக்குப் போட்ட படம், இதுல போய் அறம் தேடுறீங்களே’ என்று கேட்பீர்கள். ‘பீஸ்ட் வார்ஸ்’ தொடரும் பொம்மை விற்கத்தான் வந்தது. 1998-ல் அதில் டைனோபாட் என்ற பாத்திரம், கட்சி மாறியவன், ஒருமுறை தன் புதிய நண்பர்களுக்கே துரோகம் செய்தவன், ஆதிமனிதக் கூட்டமொன்றைக் காப்பாற்றத் தனியாக நின்று சாகிறான். அங்கே அவனை அவன் செய்ததை வைத்துத்தான் எடைபோட்டார்கள். அரைமணி நேரக் குழந்தைகள் தொடரில் முடிந்தது, கோடிக்கணக்கான டாலர் படத்தில் ஏன் முடியவில்லை?

முடியாததற்குக் காரணம் பொம்மை இல்லை. கலகக்காரனின் குற்றப்பட்டியலைப் படிக்க நமக்குப் பிடித்திருக்கிறது. தலைவனுடையதைப் படிக்கப் பிடிக்கவில்லை. ரோபோக்களை வைத்துப் பழகும் இந்தப் பழக்கம் செய்தித்தாளைத் திறக்கும்போது நம்மை விட்டுப் போய்விடுவதில்லை. எதிர்த்தவன் கல்லெறிந்தானா என்று முதல் கேள்வி கேட்கிறோம். அவன் உறுப்பைத் திருடியது யார் என்ற கேள்வி அன்றைக்கு வரிசையிலேயே இல்லை.

டி-16 செய்த கொலைக்கு விசாரணை வேண்டும் என்பவர்களோடு நானும் நிற்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. 2011-லிருந்து சிகாகோவில் ஒரு கேஸ் நிலுவையில் இருக்கிறது. அதை முதலில் எடுங்கள்.