அம்மம்மாவின் குரலும் அடுப்படி இரைச்சலும்

ஞாயிறு காலை 9 மணி எங்கட வீட்டில் அம்மம்மா நேரம். ரொறன்ரோவில் நான் அடுப்படி மேசையில் லாப்டாப்பை வைத்துவிட்டு, முதல்நாள் புட்டை மைக்ரோவேவில் சூடாக்குவேன். எட்டு வயது மகள் யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மம்மாவோடு கதைப்பாள். வாரத்தில் அவள் முழுசாகத் தமிழ் கதைக்கிற நேரம் அது ஒன்றுதான்.

கொஞ்ச நாளாக அவள் அரைவாசியிலேயே எழும்பிப் போகத் தொடங்கினாள். "அம்மம்மா சொல்றது எனக்கு விளங்கேல்லை அம்மா" எண்டாள். பிள்ளையின் தமிழ் கைவிட்டுப் போகுது, பிழை என்னுடையதுதான் என்று இரண்டு இரவு நித்திரை இல்லை. அடுத்த ஞாயிறு அவளின் கதிரையில் நானே இருந்து பார்த்தேன். எனக்கும் விளங்கவில்லை! சொற்கள் வெட்டுப்பட்டு வந்தன.

வைஃபை கோடுகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் சிக்னல் எவ்வளவு என்பது பாதிக் கதைதான். கலியாண மண்டபத்தில் மேளத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர் எவ்வளவு கத்தினாலும் கேக்காதே? சிக்னல் இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

ஆப்பிள் லாப்டாப்பில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை அடையாளத்தைத் தட்டினால் இரண்டு எண்களும் தெரியும். 'ஆர்எஸ்எஸ்ஐ' என்பது சிக்னல், 'நாய்ஸ்' என்பது இரைச்சல். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் போதும்.

அடுப்படியில் சிக்னல் மைனஸ் 70, இரைச்சல் மைனஸ் 82. வித்தியாசம் 12 டெசிபெல். மைனஸ் எண் மகளுக்குப் பள்ளியில் இன்னும் வரவில்லை. ஆனால் ஜனவரிக் குளிர் தெரியும்! "மைனஸ் 20-ஐ விட மைனஸ் 5 சூடுதானே? அதே மாதிரி மைனஸ் 82-ஐ விட மைனஸ் 70 பெரிசு" என்றதும் பிடித்துக்கொண்டாள்.

ஒவ்வொரு 10 டெசிபெலுக்கும் பத்து மடங்கு. 12 என்றால் சிக்னல் இரைச்சலைப்போல் சுமார் 16 மடங்கு. கேட்கப் பெரிதாக இருந்தாலும் வைஃபைக்கு அது காணாது. வீடியோ அழைப்புக்கு 25 டெசிபெலாவது இருந்தால் நல்லது.

மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது கிட்டத்தட்ட 2.45 கிகாஹெர்ட்ஸில். எங்கள் லாப்டாப் பிடித்திருந்ததோ 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. அதாவது, மேளம் அடித்ததே நான்தான்!

லாப்டாப்பை ரூட்டருக்குக் கிட்ட, வரவேற்பறைக்குக் கொண்டுபோய் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினோம். சிக்னல் மைனஸ் 58, இரைச்சல் மைனஸ் 92. மகளே கழித்துச் சொன்னாள்: "34!" ஏறக்குறைய 2,500 மடங்கு.

போன ஞாயிறு ஒரு மணித்தியாலம் கதைத்தாள். புட்டு ஆறிப்போச்சு. நான் சூடாக்கவில்லை.

உங்கட பிள்ளையும் "விளங்கேல்லை" எண்டு சொன்னால், தமிழைத் திருத்த முன்னம் ஒருக்கா அந்தக் கதிரையில் இருந்து பாருங்கோ.