கரையில் ஏற்றிய கூண்டு

கிட்வாய் நகர், புது தில்லி

மீனவர் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றிருக்கும் உயர் அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் அலுவலகத்துக்கு மூன்று மனுக்கள் கொடுத்தேன். முதல் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. இரண்டாவதை வேறு பிரிவுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். மூன்றாவது என்ன ஆனதென்றே தெரியவில்லை. அதனால்தான் இப்போது நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். விதிகளும் சுற்றறிக்கைகளும் தாங்கள் அறிந்தவை. அவற்றை இங்கே அடுக்கப்போவதில்லை. ஒரே ஒரு படகைப் பற்றிச் சொல்கிறேன்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடி முதல் இரையுமன்துறை வரை தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கும் எட்டு ஊர்களில் ஒன்று எங்களுடையது. சுறாவுக்குத் தூண்டில் போட லட்சத்தீவையும் தாண்டிப் போகிறவர்கள் எங்கள் ஆட்கள். போனால் வாரக்கணக்கில் கடலில்தான் தங்கல். 2017 நவம்பர் நடுவில் என் அத்தான் அப்படித்தான் கொச்சியிலிருந்து விசைப்படகில் புறப்பட்டார்.

மாதக் கடைசியில், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆனவரிடம் ‘போகாதே’ என்று சொல்வது எந்த வகை எச்சரிக்கை, ஐயா? தாழ்வு மண்டலம் ஒரே நாளில் வலுத்து, 30ஆம் தேதி பகலில்தான் ‘ஒக்கி’ என்ற பெயரோடு புயலாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் குமரிக் கடல் கொந்தளித்துவிட்டது. துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். கூண்டு கரையில் நிற்பவன் கண்ணுக்குத்தான் தெரியும். படகிலிருந்த வயர்லெஸ் சில பத்துக் கடல் மைலுக்கு அப்பால் கேட்காது.

என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. குமரியை அடித்த அந்தக் காற்று உடனே லட்சத்தீவுக்குப் போய்விடவில்லை. டிசம்பர் 1, 2 தேதிகளில்தான் அந்தக் கடலைக் கடந்தது. அது போகும் திசை தில்லிக்குத் தெரிந்திருந்தது. நேரமும் இருந்தது. அத்தானிடம் சொல்ல வழி மட்டும் இல்லை. சேதி கிடைத்த சில படகுகளும், விதி விட்ட சில படகுகளும் மகாராஷ்டிரத்தின் தேவ்கட் வரை போய்க் கரை பிடித்தன. அவர் படகு எங்கும் பிடிக்கவில்லை.

டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ஆயிரக்கணக்கானோர் ரயில் பாதையில் உட்கார்ந்தார்கள். என் அக்காளும் உட்கார்ந்தாள். அவர்கள் பணம் கேட்கவில்லை, தேடச் சொன்னார்கள். பிறகு ஓர் அலுவலகத்தில் அவளிடம் கேட்டார்கள்: “உடல் எங்கே?” கடல் கொண்டுபோனதைக் கைப்பிடியில் எடுத்துவந்து காட்டச் சொன்னார்கள்.

நான் இப்போது தில்லியில் மகளின் அரசுக் குடியிருப்பில் இருக்கிறேன். 2022 மே 30 அன்று பக்கத்திலுள்ள சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பதிவானது; ஜும்மா மசூதியின் குவிமாட முடிகூட உடைந்து விழுந்தது. மூடிய ஜன்னலுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும் எனக்கு இன்று மழைக்கும் புழுதிக்கும் கைபேசியில் எச்சரிக்கை வருகிறது. நடுக்கடலில் நிற்பவனுக்கு வருகிறதா?

இது கடலோடு முடிகிற குற்றமும் அல்ல. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுத்ஹுத் புயலின் மிச்சம், இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா மலையில் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத்திலிருக்கும் தோரோங் கணவாயிலும் சுற்றுப்புறங்களிலும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கேயும் புயல் வரும் சேதி மலையேறிக்கொண்டிருந்தவர்களுக்குச் சேரவில்லை. ஒக்கிக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மலை சொல்லிக்கொடுத்த பாடம் அது. படிக்கவில்லையே!

2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் செயற்கைக்கோள் வழியே இருபுறமும் செய்தி போய்வரும் கருவி பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. சுமார் 360 கோடி ரூபாய்த் திட்டம். நல்லது, கையெடுத்துக் கும்பிடுகிறேன். என் மூன்று மனுக்களிலும் கேட்டது ஒன்றுதான்: எங்கள் எட்டு ஊர்களின் தங்கல் படகுகளில் எத்தனைக்கு அது பொருத்தப்பட்டிருக்கிறது, பொருத்தியதில் எத்தனை வேலை செய்கிறது? ஓர் எண். ஒரே ஓர் எண்ணைச் சொல்ல உங்களுக்கு மூன்று மனு போதவில்லை.

செத்தவர்களை எண்ணுவதிலும் கணக்குகள் ஒத்துப்போகவில்லை. உயிரோடு இருப்பவர்களையாவது எண்ணுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் அந்தப் படகில் இருப்பதாக நினைத்துக்கொண்டு எண்ணுங்கள்.

அத்தான் போனபோது என் அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. இன்று அவனும் தங்கலுக்குப் போகிறான். எங்களுக்குத் தெரிந்த தொழில் அதுதான். இதை எழுதும்போது அவன் கரையிலில்லை. இன்றிரவு காற்று திரும்பினால் அவனிடம் சொல்லப்போவது யார், எதன் வழியாக?

இதற்குப் பதில் எழுதுங்கள். எனக்கு வேண்டாம், என் அக்காளுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
கடலில் ஒருவரை இழந்த குடும்பத்தான்