பீரோ மேல் கிடக்கும் கிட்டார்

என் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது மின்கிட்டார் கேட்டாள். 9,500 ரூபாய் கொடுத்து வாங்கினோம். எட்டு மாதம் விடாமல் வகுப்புக்குப் போனாள். இடது கை விரல் நுனிகள் தடித்தன, பிறகு வெடித்தன. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். ஒரு நாள் வகுப்பில், “உனக்குக் காது சரியில்லை, வாசிக்கிற சுரமெல்லாம் ஏறி நிற்கிறது” என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று மாலை கிட்டாரை உறையில் போட்டு பீரோ மேல் ஏற்றியவள்தான், ஒன்றரை வருடம் அதன் பேச்சையே எடுக்கவில்லை.

நான் திருச்சியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். போன மே மாத விடுமுறையில் வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அந்தக் கிட்டாரைக் கீழே இறக்கினேன். அவள் ஏன் பாதியில் விட்டாள் என்று ஒரு கேள்வி மனதில் இருந்தது. கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கம்பிகளை மெட்டு என்கிறோம். எஃகு ஸ்கேல் ஒன்றைப் பன்னிரண்டாவது மெட்டின் மேல் நிறுத்திப் பார்த்தேன். மெட்டுக்கும் தந்திக்கும் நடுவே ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். அங்கே ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மகளின் காதில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை.

விஷயம் எளியது. தந்தி உயரத்தில் நின்றால் அதை மெட்டுவரை அழுத்தும்போது அது கூடுதலாக நீள்கிறது. நீண்டால் இழுவிசை கூடும், இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும். பதினொன்றாம் வகுப்புப் பாடம் இது. அழுத்துகிற ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் ஏறித்தான் ஒலிக்கும். யார் வாசித்தாலும் அப்படித்தான். அது ஏறி ஒலிக்கிறது என்று கேட்கிற காது நல்ல காது. அவளுக்கே அது கேட்டிருக்கிறது, அதனால்தான் மனம் உடைந்திருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

தொடக்கநிலைக் கிட்டார்களில் பெரும்பாலும் மரமோ வண்ணமோ பெரிய பிரச்சினையாக இருப்பதில்லை. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே விற்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. சைக்கிள் வாங்கினால் கடைக்காரர் பிரேக்கை இறுக்கி, சீட்டை உயரம் பார்த்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுக்கிறார். கிட்டாருக்கு அந்த அரைமணி நேரத்தைக் கொடுக்கும் கடைகள் குறைவு. பழுது கருவியில் இருக்க, பழி பிள்ளைமேல் விழுகிறது.

அந்த அரைமணி நேர வேலையை நான் பத்து நாள் எடுத்துச் செய்தேன். கற்றுக்கொண்டே செய்ததால் அத்தனை நாள்.

முதலில் கழுத்து. அதன் உள்ளே டிரஸ் ராட் என்று ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. ஆறு தந்திகளின் இழுப்புக்குக் கழுத்து வில்லாக வளையாமல் எதிர்த்து நிற்பது அதுதான். தந்தியை முதல் மெட்டிலும் கழுத்து உடம்போடு சேரும் இடத்து மெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவே ஏழாவது எட்டாவது மெட்டுப் பக்கம் கால் மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். அதை அளக்க எங்கள் தெருமுனை டூவீலர் மெக்கானிக்கிடம் ஃபீலர் கேஜ் கேட்டு வாங்கினேன். டேப்பட் இடைவெளி பார்க்க அவர் வைத்திருக்கும் அதே தகடுகள். எங்கள் கிட்டாரில் ஒரு மில்லிமீட்டருக்குக் கிட்ட இருந்தது. ஆலன் கீயால் கால் திருப்பு. ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். காலையில் அளந்து இன்னொரு கால் திருப்பு. மரம் மெதுவாகத்தான் கேட்கும். அவசரப்பட்டு முறுக்கினால் கம்பி அறுந்து கழுத்தே வீணாகிவிடும்.

அடுத்தது தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் சிறிய வெள்ளைப் பட்டை, நட் என்பார்கள். அதன் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருந்தன. கிட்டார் பழுதுபார்ப்பவர்கள் இதற்கென்று வைத்திருக்கும் அரங்கள் விலை அதிகம். கேஸ் வெல்டிங் முனையின் துளையைச் சுத்தம் செய்ய ஊசி ஊசியாக ஒரு கொத்து விற்கிறார்களே, பாலக்கரைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் 150 ரூபாய்க்கு அதை வாங்கினேன். ஒவ்வொன்றும் ஒரு பருமன், உடம்பெல்லாம் அரத்தின் சொரசொரப்பு. தந்திக்கேற்ற ஊசியைத் தேர்ந்து நாலு இழுப்பு இழுப்பது, தந்தியைப் போட்டுப் பார்ப்பது, மறுபடி இழுப்பது. மூன்றாவது மெட்டில் தந்தியை அழுத்தினால் முதல் மெட்டின் மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளி மட்டும் மிஞ்சினால் போதும். ஒரு இழுப்பு கூடிவிட்டால் தந்தி மெட்டில் உரசி இரையும், அப்புறம் புது நட்தான்.

பிறகு குதிரை. வீணையில் தந்தி தாங்குவதைக் குதிரை என்கிறோம், இதற்கும் அந்தச் சொல்லே பொருந்துகிறது. இந்த வகைக் கிட்டாரில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனிக் குதிரை, அதை உயர்த்தித் தாழ்த்தச் சின்னத் திருகுகள், முன்னும் பின்னும் நகர்த்த இன்னொரு திருகு. இங்கேதான் எனக்கு வகுப்பறை நினைவு வந்தது. தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர். அதை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டு எங்கே வரும் என்று தெரியும்: 36.4 மில்லிமீட்டர். மிச்ச நீளத்தை அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு மிகச் சரியாகப் பாதியில், 324 மில்லிமீட்டரில் விழுகிறது. பெருக்குத் தொடர் என்று கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி விடும் பிள்ளைகள், இதை ஸ்கேல் வைத்து அளந்து காட்டினால் எழுந்து வந்து நிற்கிறார்கள். ஆனால் தந்தியை அழுத்தும்போது சுரம் துளி ஏறுவதால் கணக்கு மட்டும் போதாது. அதைச் சரிக்கட்டத்தான் குதிரையை நகர்த்துவது. பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி வாசித்த சுரம், அதே இடத்தில் விரலால் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரத்தைவிட ஏறி நின்றால் குதிரையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். கைபேசியில் ஒரு சுருதிச் செயலி போதும் இதற்கு.

மெட்டுகளின் ஓரங்கள் விரலைக் கீறின. வெயில் காலத்தில் மரம் சுருங்க, உலோகம் சுருங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மரத்தின் மேல் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, அரத்தால் மழுக்கி, உப்புத்தாளால் மெருகேற்றினேன். புதுத் தந்திகளையும் சேர்த்து அதுவரை ஆன செலவு 700 ரூபாயைத் தாண்டவில்லை.

மகளைக் கூப்பிடவில்லை. கூடத்தில் சாய்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். கால்மணி நேரம் கழித்துத் தந்தியொலி கேட்டது. “அம்மா, இது வேற கிட்டாரா?” என்று வந்து நின்றாள்.

கிட்டாரை மேம்படுத்துவது என்றதும் எல்லோரும் பிக்அப்பை மாற்றச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது கடைசி வேலை. பிக்அப் என்பது காந்தத்தைச் சுற்றிய கம்பிச் சுருள், வேறொன்றுமில்லை. எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது காந்தப் பாயம் மாறுகிறது, சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல். இதைக் காட்ட, கழற்றிய பிக்அப் ஒன்றை ஒலிபெருக்கியில் இணைத்துப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். எஃகு இசைக்கவையைத் தட்டி அதன் மேல் பிடித்ததும் வகுப்பறை முழுக்க ஒலித்தது. அலுமினிய இசைக்கவையைப் பிடித்தபோது ஏறக்குறைய ஊமை. ஏன் என்று நான் கேட்பதற்குள் பின்வரிசையில் ஒரு பையன் காரணத்தைச் சொல்லிவிட்டான்.

அந்தப் பிக்அப்பைக் கழற்ற வேண்டி வந்ததே ஒரு விபத்தால்தான். உள்ளே சுற்றியிருக்கும் செப்புக் கம்பி தலைமுடியளவு மெல்லியது, சில ஆயிரம் சுற்றுகள். சால்டரிங் அயர்னைத் தேவைக்கு மேல் ஒரு நொடி வைத்து, கம்பியை இழுத்தும்விட்டேன். மல்டிமீட்டரில் அதற்குமுன் 6 கிலோ ஓம் காட்டியது, அதன் பிறகு ஒன்றுமே காட்டவில்லை. அறுந்த முனையைத் தேடி எடுத்து, வகுப்புக்காக ஒட்டவைத்தேன். கிட்டாருக்குப் புதிதாக ஒன்று வாங்கினேன். அதன் ஒலி முன்னதைவிட நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தந்தி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும் கிட்டாரில் எவ்வளவு உயர்ந்த பிக்அப்பைப் பூட்டினாலும் ஏறிய சுரம் இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

இரைச்சலைக் குறைக்கவும் ஒன்று செய்தேன். சென்னை போனபோது ரிச்சி தெருவில் செப்பு டேப் வாங்கிவந்து, கிட்டாரின் உட்குழி முழுவதும் ஒட்டி, அதை எர்த்தோடு இணைத்தேன். மின்விசிறி ரெகுலேட்டரிலிருந்து வரும் கரகரப்பு வெகுவாக அடங்கியது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ‘ம்ம்ம்’ மட்டும் போகவில்லை. அது காந்தப்புலமாக வருவது, செப்புத் தகடு அதைத் தடுக்காது. இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தால்தான் அது அடங்கும். கிப்ஸன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் அதைத்தான் செய்தார். ஹம்பக்கர் என்று பெயர்.

எர்த் என்று சொன்னதால் இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மின்கிட்டாரின் தந்திகள் கம்பி வழியாக ஒலிபெருக்கியின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. வாசிப்பவரின் கை எப்போதும் அதில்தான். வீட்டு பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் கம்பியே இல்லாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் லெஸ் ஹார்வி கிட்டாரைப் பிடித்தபடி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். கிட்டாரைத் தொடும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டின் எர்த்தைச் சோதியுங்கள். ஒலிபெருக்கியை, அதிலும் வால்வு வகையை, ஒருநாளும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இதையெல்லாம் வீட்டில் செய்யலாமா, கருவியைக் கெடுத்துவிட மாட்டோமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கருவியின் பிறப்பையே சொல்வேன். லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் 1938-இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. பழுதுபார்ப்பவரின் கண்ணோடு யோசித்ததால்தான் கழுத்தை ஒட்டாமல் நான்கு திருகுகளால் பூட்டினார். 1954-இல் வந்த அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சாயல்தான் என் மகளின் கிட்டார். கழற்றி மாட்டுவதற்கென்றே பிறந்த கருவி அது.

இன்னொரு வீட்டையும் நினைத்துக்கொள்கிறேன். 1963-இல் லண்டன் பக்கத்தில் பிரையன் மே என்ற பதின்வயதுப் பையனுக்குக் கடைக் கிட்டார் வாங்க வசதியில்லை. மின்னணுவியல் தெரிந்த அப்பாவும் அவனும் சேர்ந்து, பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரத்தில் கழுத்தைச் செதுக்கினார்கள். பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங், அம்மாவின் பின்னல் ஊசி, பொத்தான்கள் எல்லாம் அதில் போய்ச் சேர்ந்தன. குவீன் குழுவின் மேடைகளில் பிறகு அவர் வாசித்தது அந்தக் கிட்டாரைத்தான். அவரே 2007-இல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார் என்று என் மாணவர்களிடம் சொல்லாமல் விடமாட்டேன்.

நம் இசைக்கும் இது புதிதில்லை. வீணையில் மெட்டுகளை மெழுகில் பதித்து மேளம் கட்டுகிறோம். மெழுகு நெகிழ்ந்தால் மறுபடி கட்டுகிறோம். தம்புராவின் குதிரையில் ஒரு நூலை நகர்த்தி ஜீவா என்னும் ரீங்காரத்தைத் தேடுகிறோம். இரண்டிரண்டாக எட்டுத் தந்திகள் உள்ள மாண்டலின் கமகத்துக்கு வசதியாக இல்லை என்றபோது, யு. ஸ்ரீநிவாஸ் ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின்மாண்டலினுக்கு மாறினார். கருவியைத் தன் கைக்கும் காதுக்கும் இணங்க வைப்பது இங்கே வாசிப்பின் ஒரு பகுதி. கிட்டாரை மட்டும் ஏன் மூடிய பெட்டியாகப் பார்க்கிறோம்?

இசைக்கருவிக் கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. விற்கும் ஒவ்வொரு கிட்டாருக்கும் தந்தி உயரத்தை அளந்து, சரிசெய்து, அந்த அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அதற்கு 300 ரூபாய் கூடுதலாகக் கேளுங்கள், பெற்றோர் தருவார்கள். கிட்டார் சொல்லித்தருபவர்களே, புதிதாகச் சேரும் பிள்ளையின் விரலைப் பார்க்கும் முன் அவன் கொண்டுவந்த கருவியைப் பாருங்கள்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பீரோ மேலும் ஒன்று கிடக்கலாம். விற்கவோ புதிது வாங்கவோ அவசரப்பட வேண்டாம். இன்று சாயங்காலம் அதைக் கீழே இறக்குங்கள். பன்னிரண்டாவது மெட்டின் மேல் பிள்ளையின் பள்ளி ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 2 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால், அந்த ஸ்கேலைப் பிள்ளையிடமும் காட்டுங்கள்.