பீமனுடைய கேள்வி

குருக்ஷேத்திரத்தில் வில்லைக் கீழே போட்ட அர்ஜுனனை நாம் எல்லோரும் அறிவோம். அவனுடைய சந்தேகத்துக்குப் பகவானே சாரதியாக இருந்து விடை பகர்ந்தார். அந்த விடையைத் துணைக்கொண்டு எத்தனையோ தேச பக்தர்கள் சிறை புகுந்தனர். மாண்டலே சிறையில் திலகர் பெருமான் எழுதிய 'கீதா ரகசியம்' 1915-ல் அச்சேறியது. ஆனால், யுத்தம் மூண்ட பிறகு சந்தேகம் கொண்ட வீரனுக்கு விடை சொல்வார் யார்?

எம். டி. வாசுதேவன் நாயர் மலையாளத்தில் எழுதி, 1984-ல் வெளியான 'ரண்டாமூழம்' என்ற நவீனம் அத்தகைய வீரனின் கதை. 'இரண்டாம் இடம்' என்ற பெயரில் அது தமிழிலும் வந்திருக்கிறது. ஊழம் என்றால் முறை. தமையனுக்குப் பிறகே தனக்கு எதுவும் என்று வாழ்ந்த பீமன் தானே தன் கதையைச் சொல்லுகிறான். பகாசுரனுக்குப் போன வண்டிச் சோற்றைத் தின்று நம் குழந்தைகளைச் சிரிக்கவைத்த பீமன் அல்லன் இவன்.

கடோத்கசன் மாண்ட கட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே முறை பிரயோகிக்கக்கூடிய சக்தி ஆயுதத்தைக் கர்ணன் அர்ஜுனனுக்கென்று காத்து வைத்திருந்தான். 14-ம் நாள் இரவுப் போரில் அது கடோத்கசன் மீது செலவாகிவிட்டது. பாண்டவர் கண்ணீர் வடிக்கையில் கண்ணன் ஆனந்தக் கூத்தாடினான் என்று வியாச பாரதமே கூறுகிறது. அபிமன்யு வீழ்ந்தபோது சபதம் முழங்கிற்று. காட்டு மகள் இடும்பி பெற்ற பிள்ளைக்கோ லாபக் கணக்கு! பாகவதர் அந்தத் தந்திரத்தை வியந்தபோதெல்லாம் நாமும் தலையை ஆட்டிவிட்டு, சுண்டலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறோம். பெற்றவன் முகத்தைப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை. இந்நூல் பார்க்கவைக்கிறது. பிள்ளையை விலையாகக் கொடுத்துக் காத்த தர்மம் யாருடைய தர்மம்?

அற்புதங்களை ஆசிரியர் அடியோடு களைந்துவிட்டார். வாயு பகவானுக்குப் பதிலாகப் பெயரறியாத வனவாசி ஒருவன் பீமனுக்குத் தந்தையாகிறான். பாட்டி சொன்ன வாயு புத்திரனை இழப்பதில் நமக்குச் சிறிது வருத்தந்தான். ஆயினும், வியாசருடைய மௌனங்களே தமக்கு ஆதாரம் என்கிறார் ஆசிரியர், அதை மறுப்பதற்கில்லை.

இமயச் சாரலில் திரௌபதி விழுகிறாள். மூல பாரதத்தில் தர்மபுத்திரர் அதற்குக் காரணம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடக்கிறார், பீமனும் பின்தொடருகிறான். இந்த நவீனத்தின் பீமன் நின்றுவிடுகிறான்.