கல்லிலே தமிழ், கருவறையில்?

தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்குச் செல்வோர் அண்ணாந்து நோக்குவர், பதின்மூன்று நிலை கொண்ட கோபுரத்தை வியப்பர், வணங்கித் திரும்புவர். அக் கோபுரத்தின் அடிச்சுவரைக் குனிந்து படிப்பார் மிகச் சிலரே. தமிழரின் உரிமை ஆவணமோ அவ்வடிச்சுவரில்தான் வெட்டப்பட்டுள்ளது.

1010-ஆம் ஆண்டில் இக் கற்றளியை எடுத்து முடித்த அருண்மொழி என்னும் இராசராசன், தான் கொடுத்தனவற்றோடு தமக்கை குந்தவையும் தேவியரும் பிறரும் கொடுத்தனவற்றையும் கல்லில் வெட்டுவித்தான். பொன்னை நிறுத்த கல்லுக்கும் நெல்லை அளந்த மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்பதே பெயர். ஒரு விளக்கெரிய 96 ஆடு; அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் அளக்கவேண்டிய நெய் ஓர் உழக்கு. ஆடல் மகளிர் நானூற்றுவரின் பெயரும் அவர்தம் வீட்டு வரிசையும்கூட ஆங்குள. கல்வெட்டின் தலைப்பில் சிறிது வடமொழியும் இடையிடையே வடசொற்களும் உள்ளமை மெய்யே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், ஊரும் உழவரும் இடையரும் அறியவேண்டிய கணக்கை அரசன் ஒப்படைத்தது தமிழிடமே.

அக் கணக்கினுள் தமிழர் நெஞ்சில் பதிக்கவேண்டிய பகுதி ஒன்றுண்டு. திருப்பதியம் பாட 48 பேர்; உடுக்கை வாசிக்க ஒருவர்; கொட்டிமத்தளம் கொட்ட ஒருவர்; ஆக 50 பேர். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அடுத்த உறவினர் அவ்விடத்திற்கு வருதல் வேண்டும். அவர் பாடும் தகுதியற்றவராயின் தக்கார் ஒருவரைக் கொண்டு பாடுவித்தல் வேண்டும். அவர்கள் பூண்டிருந்த தீக்கைப் பெயர்கள் வடமொழி. நாள்தோறும் பாடியதோ தமிழ்.

இதனால் விளங்குவது யாது? அக் கோயிலில் தமிழ்ப்பாட்டு, விரும்பினார் வந்து பாடிச் செல்லும் ஒப்பனையன்று. ஆள் வகுத்து, நெல் வகுத்து, வழிமுறையும் வகுத்து நிறுத்திய பணி. பிறப்புரிமையையும் தகுதிக்குக் கீழ்ப்படுத்திய பணி!

பின்னாளில் நிகழ்ந்தது என்ன? வேறொரு சோழன் தன் நோய் தீர இக் கோயிலை எடுத்தான் என்று வடமொழித் தொன்மக்கதை ஒன்று புனையப்பட்டது. பெருவுடையார் 'பிரகதீசுவரர்' ஆனார். எடுத்தவன் பெயர் கண்ணெதிரே கல்லில் இருக்கவும் மக்கள் அதனை மறந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் செருமானிய அறிஞர் ஊல்ட்சு இக் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பின்னரே இராசராசன் தன் கோயிலுக்கு மீண்டான். படிக்கத் தெரிந்தும் படியாத இனத்திற்கு இதனினும் பெரிய நாணம் வேண்டுமோ?

23 ஆண்டுகளுக்குப் பின், 2020-ஆம் ஆண்டு பிப்பிரவரி 5-ஆம் நாள் குடமுழுக்கு நடந்தது. அதில் தமிழ் ஒலிக்கவேண்டுமென்று வழக்காட வேண்டியிருந்தது. தமிழிலும் வடமொழியிலும் நடத்துக என மதுரை உயர்முறைமன்றக் கிளை சனவரி 31-இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டில், விரும்பிக் கேட்பார்க்குத் தமிழில் போற்றி செய்யும் திட்டத்தை அரசு கொணர்ந்தது. இவை வரவேற்கத் தக்கனவே. ஆயினும் குடமுழுக்கு பல்லாண்டுகட்கு ஒருமுறை வருவது. வழிபாடு நாள்தோறும் நடப்பது. கேட்டால் கிடைக்கும் தமிழ் இரவலாகுமேயன்றி உரிமையாகாது.

ஆகலின் தமிழர் கேட்கவேண்டுவது புதிதொன்றன்று. கல்லில் உள்ளதை மட்டுமே. பெருங்கோயில்தோறும் ஓதுவார்க்கு நிலையான பணியிடமும், குடும்பம் நடத்தப் போதிய ஊதியமும், குன்றாத வழிமுறையும் வகுக்கப்படல் வேண்டும். கேளாமலே தமிழ் ஒலித்தல் வேண்டும். பள்ளி மாணவரைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், கோபுரத்தின் உயரத்தைச் சொல்லுமுன் அடிச்சுவரின் ஒரு வரியையேனும் படித்துக் காட்டல் வேண்டும்.

ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அரசன் நாள்தோறும் நெல்லளந்து காத்த தமிழை, இன்று சொல்லளவிலேனும் காவாதார் அக் கோபுரத்தைக் காட்டிப் பெருமை பேசுதல் தகுமா?